இரண்டாவது தலை

தண்ணீர் உச்சியில் விழுந்து இரண்டாகப் பிரிந்து காதுகளுக்குப் பின்னால் இறங்கும்போதுதான் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். பார்த்தபின் எழுந்திருக்க முடியாது. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடிச்சும் போட்டாயிற்று. நோட்டீஸை நான் அடியிலிருந்து மேலே படிக்கிறவள், நாற்பது வருடப் பழக்கம். எந்த அச்சகம், யார் பெயரை எந்த அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள், யாரை விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அடியில்தான் தெரியும், மேலே எப்போதும் அணிதிரண்டு வாரீர்தான். அடியில் அச்சகம். அதற்கு மேல் நன்றியுரை. அதற்கு மேல் ஏற்புரை, உப்பளப் போராளி தோழர் வெயிலுகந்தாள், அது நான். அதற்கும் மேல் நான் எதிர்பார்க்காத ஒரு வரி. நேரில் கண்டவர் உரை, திரு. மாடக்கண்ணு, முடிதிருத்துநர். இன்று மாலை ஆறு மணி. சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. அந்த மாடக்கண்ணுதான் என் தலைக்குப் பின்னால் நின்று புது பிளேடை இரண்டாக ஒடித்துக்கொண்டிருந்தார். “என்னவே இது?” என்றேன், கண்ணாடியைப் பார்த்தபடியே. “எதுக்கா?” “உம்ம பேரு போட்டிருக்கே.” “ரெக்ஸலின் வந்தா. நாப்பது வருசம் ஆச்சுல்லா, கண்ணால பாத்தவன் ஒருத்தன் பேசணும்னா. நமக்குப் பேச வராது தாயின்னு சொன்னேன், பேரை அடிச்சே கொண்டாந்துட்டா.” ரெக்ஸலின் எங்கள் சங்கத்தின் மாவட்டச் செயலாளர். என் மேல் பிரியம் உள்ளவள். பிரியம் உள்ளவர்கள் செய்கிற கெடுதலுக்கு அளவே கிடையாது. என்ன பேசப் போகிறீர் என்று அடுத்து நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. கலெக்டரிடம் கேட்டிருக்கிறேன், டி.எஸ்.பி.யின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கேட்டிருக்கிறேன். இவரிடம் கேட்க வாய் வரவில்லை. கத்தி நெற்றிக்கு மேல் வந்து நின்றுவிட்டது.

கத்தியை வைத்ததும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நெற்றியிலிருந்து உச்சிக்கு ஒரு இழுப்பு, கிரக் என்று ஒரு சத்தம், அது காதால் கேட்கிற சத்தம் இல்லை, மண்டை ஓட்டுக்குள்ளேயே பிறக்கிற சத்தம். இந்தக் கையை எனக்குத் தெரியும். என் தலையை முதலில் மழித்ததும் இதே கைதான். எழுபத்தொன்பதாம் வருடம் பங்குனி மாதம், குடிக்கத் தண்ணீர்த் தொட்டி கட்டு என்று பெண்கள் நாங்கள் உப்பு லாரியை மறித்து உட்கார்ந்த ஆறாம் நாள், அளத்து முதலாளியின் ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் உப்பு அம்பாரத்துக்கு முன்னால் உட்காரவைத்து, இருநூறு பேரைத் தூரத்தில் வரிசையாக நிறுத்தி, விலக்கு ரோட்டுச் சலூனிலிருந்து இவரைக் கத்தியோடு இழுத்துவந்தார்கள். இவருக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு இருபத்துநாலு. அடக்கமில்லாத பொம்பளைக்கு இதுதான் என்று கங்காணி சத்தம்போட்டுச் சொன்னான். அதற்குப் பிறகு நாற்பது வருடமாக, மாதம் ஒருதரம், நானாக வந்து இந்த நாற்காலியில் உட்கார்கிறேன். ஆம்பிளைகள் உட்காருகிற நாற்காலி. மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம், அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததைப் பற்றி, எனக்குக் கண்புரை எடுத்ததைப் பற்றி, சங்கம் இரண்டாக உடைந்தது பற்றி, எல்லாம் பேசியிருக்கிறோம். அந்த ஒரு நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அது ஒரு ஒப்பந்தம் என்று நான் நினைத்திருந்தேன். கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்தை நம்பாதே என்று எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பேன், என் ஒப்பந்தத்தில் கையெழுத்து எங்கே. இவர் அன்றைக்கு நின்ற இடம் இதே இடம், என் முதுகுக்குப் பின்னால், என் வாய்க்கும் இவர் காதுக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை. நான் சொன்னதைத் தெரிந்தவர்கள் மூன்று பேர். கங்காணி செத்துவிட்டான். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. மூன்றாவது ஆள் இப்போது என் இடது காதுக்கு மேல் கத்தியைத் திருப்புகிறார்.

அவள். பெயரை நினைக்க மாட்டேன். நினைத்தால் வாய் அசையும், வாய் அசைந்தால் கண்ணாடியில் தெரியும். கண்ணைத் திறந்து பார்த்தேன், வாய் மூடித்தான் இருக்கிறது. மழித்த பாதி வெள்ளையும் மழிக்காத பாதி நரையுமாகத் தலை, நோட்டீஸ், அதன்மேல் என் பெயர், என் பெயருக்கு மேல் இவர் பெயர். ஊருக்குத் தெரிந்தது வேறு. ஊருக்குத் தெரிந்தது ஞானதிரவியம் வாத்தியார் எழுதிய எட்டுப் பக்கக் கதை. அளத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனுஷன், நல்லவர், இரண்டு தடவை சிறைக்குப் போனவர். அவர் கதையில் கடலரசி என்று ஒரு பெண். அவளை உப்புக்கு முன்னால் உட்காரவைத்து மழிக்கிறார்கள். அவள் கழுத்தை வளைக்க மாட்டாள். கத்தி உச்சியில் நிற்கும்போது கங்காணியைப் பார்த்துச் சொல்வாள், மயிரைத்தான எடுக்கிய, தலை எங்கிட்டதான இருக்கு. அந்த வரி ஊர் முழுக்கப் பரவியது. சுவரில் எழுதினார்கள், மேடையில் சொன்னார்கள், மில் கேட்டில் கோஷமாகப் போட்டார்கள். நான் சொன்னதாகத்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், பெயர்களும் நிகழ்ச்சிகளும் கற்பனையே என்று போட்டிருந்தது, முதலாளி கேஸ் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வக்கீல் சேர்க்கச் சொன்ன வரி. அந்த எட்டுப் பக்கத்தில் உண்மை அந்த ஒரு வரிதான், அதை யாரும் படிக்கவில்லை. நான் படித்தேன். நான் அடியிலிருந்து படிக்கிறவளானது அன்றைக்குத்தான்.

நான் சொன்னது அது இல்லை. நான் அழுதேன். முதல் கற்றை மடியில் விழுந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமல் கங்காணியின் காலில் விழுந்தது. என்னை விட்டிருங்க அண்ணாச்சி, மறியலுக்குப் பிள்ளைகளைச் சேத்தது நானில்ல, என்று சொல்லி, பிறகு ஒரு பெயரைச் சொன்னேன். இரகசியம் போலச் சொன்னேன், உபகாரம் செய்கிறவள் போல. கங்காணி என்னை விடவில்லை. பெயரையும் விடவில்லை. இருநூறு பேரையும் வேலைக்குத் துரத்திவிட்டு, அவளை வீட்டிலிருந்து இழுத்துவந்து, உப்புக் கொட்டகைக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்கள். ஒரு மூலையில் பாதி மழித்தும் மழிக்காமலும் இரத்தம் வழிந்துகொண்டிருந்த தலையோடு நான். ஒன் சேக்காளிதாம்ட்டி சொன்னா, என்றான் கங்காணி அவளிடம். அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த நாற்பது வருடத்தில் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். பிறகு நேராக உட்கார்ந்தாள். மாடக்கண்ணு கழுத்தைக் குனியச் சொல்லி இரண்டு விரலால் அழுத்தினார், குனியவில்லை. கங்காணி கையை வைத்து அமுக்கினான், குனியவில்லை. அன்று சாயங்காலமே அவளைப் புருஷன் வீட்டார் முக்காட்டோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், கலியாணமாகி ஆறு மாதம், தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொன்னார்கள். கங்காணி டீக்கடையில் உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை வளைக்கவே இல்லலே, என்ன திமிரு, என்று சொல்லியிருக்கிறான். அது வாத்தியார் காதுக்குப் போனது. ஊரில் மொட்டையாக இருந்தது நான் ஒருத்திதானே. வாத்தியார் என்னிடம் வந்து, வளைக்கலையாமே என்று கேட்டார். நான் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நான் பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை. தூரத்தில் நின்று நான் காலில் விழுந்ததைப் பார்த்தவர்கள் கூட, கதை வந்தபிறகு, கதையில் இருந்ததைத்தான் பார்த்ததாகச் சொன்னார்கள். சத்தியம் பண்ணினார்கள். உப்பின் வெள்ளையில் கண் கூசிப்போய் நின்றவர்கள்.

“தண்ணி சூடா இருக்காக்கா?” என்றார். இல்லை என்றேன். விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உச்சியைத் தேய்த்தார். உச்சியில் எனக்கு எப்போதும் முடி குறைவு, அளத்தில் பெட்டி சுமக்கிற எல்லாருக்கும் அங்கே தேய்ந்துதான் இருக்கும். மழித்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன், போகாவிட்டால் சோறு இல்லை. கொண்டை இல்லாத தலையில் சும்மாடு நிற்காது. பெட்டியிலிருந்து கசிகிற உப்புத் தண்ணீர் கத்தி பட்ட கீறல்களைத் தேடித் தேடிப் போனது. ஐம்பது நாள் துணி கட்டிக்கொண்டு அப்படிச் சுமந்தேன். ஐம்பதாம் நாள் வாத்தியாரின் கதை அச்சாகி வந்தது. வரிவரியாக நான் படித்து முடித்த முதல் அச்சு அதுதான். நான் சொல்லாத வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்தேன், ம, யி, ரை, த், முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இரண்டாவது தடவை படித்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள். பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதுகு நிமிர்ந்தது. மறுநாள் துணியை அவிழ்த்துவிட்டு ரோட்டில் நடந்து இதே சலூனுக்கு வந்தேன். அரை விரல் முடி வளர்ந்திருந்தது. உள்ளே இருந்த மூன்று ஆம்பிளைகளும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மாடக்கண்ணு சீப்பைக் கீழே போட்டார். “எடும்” என்றேன். “யக்கா, வேண்டாம்க்கா, கும்பிடுதேன்” என்றார். “நான் கேக்கேன், எடும்” என்றேன். முதல் மொட்டை அவர்களுடையது. இரண்டாவது என்னுடையது. அதிலிருந்து எல்லாமே என்னுடையவை. அதில் யாருக்கும் பங்கு இல்லை, வாத்தியாருக்கும் இல்லை.

அந்தத் தலையோடுதான் தொட்டி கட்டவைத்தோம். அந்தத் தலையோடுதான் பாளையங்கோட்டைச் சிறையில் பதினேழு நாள் இருந்தேன். தலைவர்கள் மாறினார்கள், ஒருத்தர் கவுன்சிலர் ஆனார், ஒருத்தர் அளத்துக்காரர்களின் கலியாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார், என்னை மட்டும் ஊர்வலத்தில் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், பேச விட்டது குறைவு, தலை தெரிந்தால் போதும் அவர்களுக்கு. பரவாயில்லை. பெண்களுக்கு அப்படி இல்லை. வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் பிள்ளைகள் வந்து சிரித்துக்கொண்டே என் உச்சியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். புருஷன் சந்தேகத்தில் முடியை அறுத்துவிட்ட பிள்ளை ஒருத்தி ஒரு கூட்டத்துக்கு முக்காடோடு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடியும்போது முக்காடு அவள் மடியில் இருந்தது. அவளிடம் நான் பொய் சொன்னேனா? இதைத்தான் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். பொய்யான ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால், நின்றதும் பொய்யா. இல்லை என்று சொல்வேன், மேடையில் சொல்வேன், எந்த மேடையிலும். ஆனால் கோவில்பட்டி பஸ் நிலையம் இருக்கிறது. தொண்ணூறாம் வருடம், நான் மாநாட்டுக்குப் போகிறேன், அவள் எதிரே வருகிறாள். கையில் தூக்குவாளி, தீப்பெட்டி ஆபீஸ் முடிந்து வருகிறவள் போல விரல் நுனியெல்லாம் கறுப்பு. இடுப்பு வரைக்கும் முடி. பின்னிப் போட்டுப் பூ வைத்திருந்தாள். நின்றாள். என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். “ஒனக்கு இன்னும் வளரலையாக்கும்?” என்றாள். அவ்வளவுதான். பஸ் ஏறிவிட்டாள். கேலியா, கேள்வியா, இரக்கமா என்று இருபத்தொன்பது வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மழிக்கிற நாளில் எல்லாம், கத்தி பிடரிக்கு வரும்போது, அது வந்துவிடும். இப்போது கத்தி பிடரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

வெளியே லாரி ஒன்று நிற்கிற சத்தம். டிரைவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான், முப்பது வயது இருக்கும், காக்கிக் கால்சட்டையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். “என்ன ஆச்சி, திருச்செந்தூருக்கு நேர்ந்துக்கிட்டியளா?” “அங்க நேர்ந்தா அங்கதான எடுப்பாவ. இங்க வந்து எதுக்கு எடுக்கணும்?” “அதான. பின்ன பேனுத் தொல்லையா?” “பேனு உம்ம வீட்டுல இருக்கும். போய்ப் பாரும்.” அவன் சிரித்தான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது, வம்பு இழுத்தால் எனக்கு எப்போதும் மூச்சு வரும். ஆனால் மாடக்கண்ணு கத்தியை எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பிவிட்டார். “எலேய், வாய அடக்கு. இவுக யாருன்னு தெரியுமா? நீ குடிக்கியே அளத்துல தண்ணி, அது இவுக தலைலேந்து வந்த தண்ணி.” “விடும்வே” என்றேன். “அவனுக்கு எதுக்கு அதெல்லாம்?” “இல்லக்கா. சாயங்காலம் பேசணும்லா. வாய்க்கு வருதான்னு பாத்துக்கிடுதேன்.” ஒத்திகை. என் தலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை. துணிக்குள் என் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

“காலம்பற எட்டு மணி இருக்கும்” என்றார். அவருக்குப் பேச வராது என்றவர் பேசினார், கத்தி இழுக்கிற வேகத்தில், ஒரு இழுப்புக்கு ஒரு வாக்கியம். “நாலு பேரு வந்தானுவ. அப்பாவைத்தான் கேட்டானுவ. அப்பாவுக்குக் காய்ச்ச. என் கையப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனானுவ.” நான் எண்ணினேன், அவர் வாக்கியங்களை. எத்தனாவது வாக்கியத்தில் நான் வருவேன், எத்தனாவதில் விழுவேன். “நீரு எதுக்குவே போனீரு?” என்றான் டிரைவர். “மாட்டேன்னு சொல்ல வேண்டியதான?” கத்தி நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். “சொல்லியிருக்கலாம்” என்றார் மாடக்கண்ணு. “இப்ப சொல்லலாம். அன்னைக்கு வாய் ஒட்டிக்கிட்டு.” “அப்புறம்?” “அப்புறம் என்ன, எடுத்தேன். கை நடுங்கி நாலஞ்சு இடத்துல கீறிட்டேன்.” “இவுக அழுதாவளா?” என்றான் அவன், பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான், சினிமாவுக்குக் கதை கேட்கிறவனைப் போல. நான் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் மாடக்கண்ணுவின் வாயை மட்டும் பார்த்தேன். மீசைக்குக் கீழே உதடு திறந்தது. சொல்லட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன், இந்த டிரைவரிடம் போய்ச்சேரட்டும், தோற்பது இந்தச் சின்ன அறையோடு போகட்டும். அடுத்த நொடியே, சொல்லாதே, சொல்லாதே, நான் செத்தபிறகு சொல்லு. வெளியே பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். டிரைவர் எட்டிப் பார்த்து, “வண்டிய எடுக்கச் சொல்லுதான், ஒரு நிமிசம், வந்து கேக்கேன், நிப்பாட்டி வைங்க” என்று ஓடினான். லாரி உறுமி நகர்ந்தது. திரும்பி வரவில்லை, நிறுத்த இடம் தேடி எவ்வளவு தூரம் போனானோ.

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மாடக்கண்ணு கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை, பாதியில் கத்தியை வைக்கிற ஆள் இல்லை அவர். “யக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது.” “கேளும்” என்றேன். “அன்னைக்கு நான் ரெண்டு தலை எடுத்தேன்.” சொல்லிவிட்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. கூரை இடிந்து விழவில்லை. “அந்தப் பிள்ளை பேரு வரமாட்டேங்கு. நாலு நாளா யோசிக்கேன். நீங்க கங்காணிட்டச் சொன்னிய. சொன்னது கேட்டுச்சு. பேரு மட்டும் மனசுல நிக்கல.” “நான் சொன்னது கேட்டுச்சா?” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “பக்கத்துலதான நின்னேன்.” “நாப்பது வருசமா ஏன்வே கேக்கல?” “கேட்டா நீங்க வரமாட்டியல்லா” என்றார். ஈரக் கையை இடுப்பில் துடைத்தார். “நீங்களா வந்து உக்காருவிய. எடும்னு சொல்லுவிய. ஒவ்வொரு மாசமும், அன்னைக்கு நான் செஞ்சது கொஞ்சம் தேஞ்சாப்ல இருக்கும். உங்க தலைய நான் எத்தனையோ தடவை எடுத்துட்டேன். அந்தப் பிள்ளை பிறவு வரல. அந்தத் தலை என் கைல அப்படியே இருக்கு. மேடைல ஏறினா அதையும் சொல்லணும்லா. பேரில்லாம எப்படிச் சொல்ல? நீங்க சொல்லுங்க.”

நீங்க சொல்லுங்க. நாற்பது வருடத்துக்கு முன்னால் கங்காணியும் இதைத்தான் சொன்னான், பிள்ளைகளைச் சேத்தது யாருன்னு சொல்லு, விட்டுருதேன். தெரியாது என்று சொல்லலாம், வயதாகிவிட்டது மறந்துபோச்சு என்று சொல்லலாம், மறதி இந்த வயதில் கௌரவமான பொய். வேறு ஒரு பெயரைச் சொல்லலாம், எத்தனை பெயர் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். மேடையில் இவர் இரண்டு தலை என்பார். கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், இரண்டாவது ஆளைக் கங்காணிக்கு எப்படித் தெரியும். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரெக்ஸலின் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். முக்காட்டை மடியில் வைத்த அந்தப் பிள்ளை, இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான், முன்வரிசையில்தான் இருப்பாள், அவள் கை தலைக்குப் போகும். அப்புறம் இந்தத் தலை என்ன. வெறும் வழுக்கை. கத்தி பட்டுப்பட்டுத் தோல் தடித்த ஒரு கிழவியின் மண்டை. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இவர் பெயரில்லாமலே சொல்வார், அதுவும் எனக்குத் தெரியும், அந்தக் கை ஒரு நாளாவது காய வேண்டும். ஆனால் அவள்? அவளை யார் கேட்டார்கள்? இடுப்பு வரை வளர்த்து, பின்னி, பூ வைத்து, அதை ஒருவரிடமும் சொல்லாமல் எங்கோ பேத்திக்குத் தலைசீவி விட்டுக்கொண்டிருப்பாள். இருநூறு பேர் முன்னால் அவள் பெயரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை மழிப்பதா. வாத்தியார் அவள் கழுத்தை எடுத்து எனக்கு வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பெயரையும் எடுத்துக்கொடுத்தால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும். பஸ் நிலையத்தில் அவள் கேட்டது எனக்கு இப்போது கேலியாகப் படவில்லை, இரக்கமாகவும் படவில்லை. அவள் கேட்டது வெறும் கேள்வி. அவளுக்கு அது மயிர்தான், வளர்ந்துவிட்டது, முடிந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது எனக்குத்தான், விழுந்தவள் நான்தானே. எழுந்திருக்க ஒன்று வேண்டியிருந்தது. எழுந்து நின்றேன். அதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

“மாடக்கண்ணு” என்றேன். “பேரு உமக்கு மட்டும் சொல்லுதேன். மேடைல சொல்லக் கூடாது. அவ சம்மதிக்காம அவ பேரு மைக்ல வரக் கூடாது.” “சரிக்கா.” “ரெண்டு தலைன்னு சொல்லும். ஒருத்தி கழுத்தை வளைக்கலன்னு சொல்லும். அது நானில்லன்னு சொல்லும். ஒருத்தி கால்ல விழுந்தா, இன்னொருத்திய மாட்டிவிட்டா. அதை நீரு சொல்ல வேண்டாம். உமக்கு அடுத்தாப்ல என் ஏற்புரைதான. நான் சொல்லிக்கிடுதேன்.” சொல்லி முடித்ததும் மேடையில் ஏறுகிற படி கண்ணுக்குள் வந்தது, நாலு படி இருக்கும், மரப்படி, கைப்பிடி இருக்காது. அவர் குனிந்து காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். படிகார வாசனை அடித்தது. பெயரைச் சொன்னேன். முதல் தடவை நான் அந்தப் பெயரைச் சொன்னபோது இரண்டு பேர் ஓடினார்கள், அவளை இழுத்துவர. இந்தத் தடவை யாரும் எங்கும் ஓடவில்லை. மாடக்கண்ணு அதை வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், தப்பாகச் சொன்ன இடத்தில் திருத்தினேன். “நல்ல பேரு” என்றார். கத்தியை எடுத்து, வேறு பாதி பிளேடை மாட்டினார். “அவுக தலையைப் பத்தி நான் பேசுதேன். உங்க தலையைப் பத்தி நீங்க பேசுங்க. மேடைல அழுதுருவியளோக்கா?” “தெரியலவே.” கடிகாரத்தில் நாலாக இன்னும் பத்து நிமிஷம். ஆறு மணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, பஸ் ஏறி எங்காவது போய்விட அது தாராளம், மதுரைக்கே போய்விடலாம். கால் இரண்டும் நாற்காலியின் இரும்பில் ஊன்றி, எழப் பார்த்தன. அவர் என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பிடித்தார். “பிடரில இன்னும் கொஞ்சம் இருக்கு. அசையாம இருங்கக்கா” என்றார்.

இருந்தேன்.